உலர்த்தி எண் ஆறு

செந்தூல் பாசார் கடைவரிசையின் கோடியில்
இரவெல்லாம் திறந்திருக்கும் டோபிக்கடையில்
ஆறாம் எண் உலர்த்திக்கு மட்டும்
கொஞ்சம் தொண்டை கட்டியிருக்கிறது.
அந்தக் கரகரப்பில்தான்
என் மகள் தூங்குவாள்.

கண்டுபிடித்தது தற்செயல்.
அவள் பிறந்து நாற்பத்தோராம் நாள்,
பால் கக்கிய விரிப்புகளை மூட்டைகட்டி
ஏழு மாடி இறங்கி வந்தேன், லிப்ட் இல்லாத இரவில்.
ஐந்து வெள்ளிக்கு இருபத்தைந்து நிமிடம்.
வீட்டில் ஒருவரும் தராத இருபத்தைந்து நிமிடம்.

மறுநாள் துவைக்க எதுவும் இல்லை.
காய்ந்த துண்டு ஒன்றை
மறுபடி காயவைத்தேன்.
"அவ்ளோ துணியா சேருது?" என்று
கணவர் கேட்டார், ஒரே ஒருமுறை.

அங்கேதான் யோகேஸ்வரன்.
மனைவிக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை.
இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று முன்னால், ஒன்று முதுகில்,
பேருந்தைத் தவறவிட்ட பயணிபோல நிற்பார்.
"ஆம்பளைக்கு என்னப்பா இதுல அலுப்பு" என்றவர்களின் பட்டியலை
துணி மடித்துக்கொண்டே சொல்வார்:
அண்ணன், ஆபீஸ் மேனேஜர்,
தடுப்பூசி போட்ட மிஸ்ஸி.

அப்புறம் ரொஸ்னானி.
மகனுக்கு ஒன்பது வயது, பேச்சு வரவில்லை.
சுழலும் கண்ணாடிக் கதவின் முன் சப்பணமிட்டு
ஒரு சிவப்புச் சட்டை திரும்பிவரக் காத்திருப்பான்.
வரும்போதெல்லாம் கைதட்டுவான்.
இவனுக்கு என்ன என்று யாரும் கேட்காத
ஒரே இடம் இதுதான் என்றார்,
பாதி மலாயில், மீதி கைச்சாடையில்.

நாங்கள் சட்டம் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை.
ஆனாலும் இங்கே எவரும்
"பால் பத்தலையோ" என்று கேட்டதில்லை,
"எங்க காலத்துல" என்று தொடங்கியதில்லை.
கண் சொருகினால் பிள்ளை கைமாறும்.
மைலோ பொட்டலம் கைமாறும்.
ஒருநாள் ரொஸ்னானி பேசிக்கொண்டே
என் தோளில் காய்ந்திருந்த பாலைச் சுரண்டி எடுத்தார்,
தன் தோள் போல.

மழை பிடித்த ஓர் இரவு, எப்படியோ சொல்லிவிட்டேன்.
"மேல நடைபாதையில இவளத் தூக்கிட்டு நிக்கும்போது
கை தானா விரிஞ்சிட்டா என்ன ஆகும்னு
ஒரு படம் ஓடுது அண்ணே.
தினமும் ஓடுது."

உலர்த்தியின் சத்தம் மட்டும்.
போலீஸை எதிர்பார்த்தேன், மாமியாரை, கடவுளை.

யோகேஸ்வரன் ஒரு குட்டிக் கால்சட்டையை மடித்தார்.
அதன் ஜோடியையும் மடித்தார்.
"எனக்குக் கத்தி," என்றார்.
"அலமாரி மேல தூக்கி வெச்சிட்டேன்.
ரெண்டு மாசமா வெட்டுன காய்தான் வாங்குறோம்."
ரொஸ்னானிக்கு எவ்வளவு புரிந்ததோ,
"சாயா பூன்" என்றார்.
எனக்கும்.
மோட்டாரில் போகும்போதாம். எதிரே லாரி வரும்போதாம்.

மறுநாள் கிளினிக்கில் டாக்டரிடம்
அதே வாக்கியத்தைச் சொன்னேன்.
இரண்டாம் முறை நாக்குக்கு வழி தெரிந்திருந்தது.
வெளியே பெஞ்சில் ரொஸ்னானி, மடியில் என் மகள்;
பையன் காற்றாடியைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தான்.
மாத்திரை கொடுத்தார்கள், மீண்டும் வரச்சொல்லித் தேதியும்.
படம் உடனே நின்றுவிடவில்லை.
முதலில் அதன் சத்தம் குறைந்தது.
இன்னமும் சில நாள் வந்து
வாசலோடு திரும்பிப் போகிறது.

நேற்று ஒரு பெண் வந்தாள்.
பெரிய கூடையில் ஒரே ஒரு துண்டு,
நனையவே நனையாத துண்டு.
தோளில் ஒன்று வீறிட்டுக்கொண்டிருந்தது.
எந்தப் பெட்டியில் காசு போடுவதென்று
பார்ப்பதுபோல நின்றாள்.

ஆறாம் எண்ணில் என் துணி,
இன்னும் பதினெட்டு நிமிடம் மீதம்.
கதவைத் திறந்தேன்.
பாதி ஈரமாய், சூடாய், எல்லாவற்றையும்
மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

"இது கொஞ்சம் சத்தம் போடும்," என்றேன்.
"பரவால்லையா?"